சுவரில் ஊறிய சிகரெட் வாடை: வாடகை வீட்டிலிருந்து அதை எப்படி வெளியேற்றுவது?

கேள்வி சுருக்கமாக இது: சென்னையில் பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். முன்பு குடியிருந்தவர் பல வருடம் ஹாலிலும் படுக்கையறையிலும் சிகரெட் பிடித்தவர். வீட்டுக்காரர் ஒரு கோட் எமல்ஷன் அடித்துச் சாவியைக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் வாடை திரும்பிவிட்டது. பாத்ரூம் சுவரில் பழுப்பாக ஏதோ சொட்டுச் சொட்டாக வழிகிறது. இப்போது மார்கழி, மனைவிக்கு ஆறாவது மாதம். ஏர் பியூரிஃபயர் வாங்கலாமா, ஓசோன் மிஷின் கொண்டுவந்து சுத்தம் செய்கிறோம் என்பவர்களைக் கூப்பிடலாமா, தினமும் சாம்பிராணி போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேதியியல் படித்து, பெயிண்ட் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். புகை ஊறிய வீடுகளைத் தேற்றும் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்ட மூன்றும் காற்றுக்குச் செய்கிற வைத்தியம். உங்கள் வீட்டுக் காற்றில் கோளாறு இல்லை. சன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்தால் அந்தக் காற்று வெளியே போய்விடும், புதுக் காற்று வந்துவிடும். பிறகும் வாடை வருகிறதென்றால் அது சுவரிலிருந்தும், சீலிங்கிலிருந்தும், மரத்திலிருந்தும், துணியிலிருந்தும் வருகிறது. பணத்தையும் உழைப்பையும் அங்கேதான் போட வேண்டும்.

சிகரெட் புகையில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று மிக நுண்ணிய துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், கீழே. நாம் தார் என்று சொல்லும் பிசுபிசுப்பு இதில்தான் வருகிறது. இன்னொன்று ஆவி. நிகோடின், பிரிடின் வகைச் சேர்மங்கள், பீனால்கள், ஆல்டிஹைடுகள் எல்லாம் இந்தக் கணக்கு. பழைய புகையின் அந்தச் சப்பென்ற, புளித்த வாடைக்கு இந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியக் காரணம். நிகோடின் கொதிக்க 247 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால் அறையில் சட்டென்று பறந்து போகாமல் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு வெப்பம் ஏறும்போதும் ஈரம் கூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வருகிறது. மழைக்காலத்தில் உங்களுக்கு வாடை திரும்பியது இதனால்தான். காற்றிலுள்ள நீராவி சுவரின் நுண்துளைகளுக்குள் போய், அங்கே ஒட்டியிருப்பதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்டது உங்கள் மூக்குக்கு வருகிறது. பாத்ரூமில் பழுப்பாக வழிவதும் அதே கதைதான். வெந்நீர் ஆவி சுவரில் குளிர்ந்து நீராகும்போது பெயிண்டுக்கு அடியிலிருக்கும் தாரைக் கரைத்து இழுத்து வருகிறது.

இது வெறும் மூக்குப் பிரச்சினை இல்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இப்படிப் பரப்புகளில் தங்கிவிடும் புகையை மருத்துவ உலகம் மூன்றாம் கைப் புகை என்று அழைக்கிறது. 2010இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஒன்றைக் காட்டினார்கள்: பரப்பில் ஒட்டிய நிகோடின், வீட்டுக்குள் இருக்கும் நைட்ரஸ் அமில ஆவியோடு சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது. புற்றுநோய் உண்டாக்குபவை அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. நைட்ரஸ் அமிலம் எங்கிருந்து வரும் என்றால், கேஸ் அடுப்பு எரிந்தாலே போதும். சான் டியேகோவில் நடந்த இன்னோர் ஆய்வு 2011இல் வெளியானது. புகைப்பவர்கள் காலி செய்த வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்து, புகைக்காதவர்கள் குடிவந்த பிறகும் தூசியிலும் பரப்பிலும் நிகோடின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். திரைச்சீலையைச் சப்பும். பெரியவர்களைவிட அதற்குத்தான் இது அதிகம் போய்ச் சேரும். நீங்கள் இப்போதே யோசிப்பது மிகச் சரியான நேரம்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதற்கு நம் வழக்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. தை பிறந்து வளைகாப்பு முடிந்தால் மனைவி தாய் வீட்டுக்குப் போவார் அல்லவா? சுரண்டுவது, கழுவுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வையுங்கள். பிரைமரின் கரைப்பான் நெடி, சுரண்டும் தூசி, நிகோடின் கலந்த கழுவு நீர் இவை ஒன்றும் கர்ப்பிணி அருகில் இருக்கக் கூடாது. தையும் மாசியும் சென்னையில் மழை ஓய்ந்த மாதங்கள். சுவர் காயும், பெயிண்டும் சீக்கிரம் இறுகும். குழந்தையோடு அவர் திரும்புவதற்குள் வீடு பல வாரம் திறந்து கிடந்து நெடி இறங்கியிருக்கும். இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது.

அதற்கு முன்னால் எங்கெங்கே ஊறியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இவ்வளவு போதும். சீலிங், சுவரின் மேல் பகுதி, மின்விசிறியின் இறக்கை மேல்புறம், கதவின் மேல் விளிம்பு, பரணின் உட்பக்கம், அலமாரியின் உள் பலகை, சன்னல் கொசுவலை ஒவ்வொன்றையும் துடைத்துப் பாருங்கள். துணியில் டீ டிகாக்‌ஷன் நிறம் வந்தால் அங்கே தார் இருக்கிறது. சூடான புகை மேலே ஏறும் என்பதால் சீலிங்கில்தான் அதிகம் படியும். பெயிண்டரும் வீட்டுக்காரரும் ஒதுக்கி விடுவதும் சீலிங்கைத்தான். சுவருக்கு மூன்று கோட் அடித்துவிட்டு, மேலே பழைய டிஸ்டெம்பரை அப்படியே விட்ட வீடுகளில் வாடை போகவே போகாது. அந்தப் பழுப்புத் துணிகளை எறிந்துவிடாமல் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். செலவில் பங்கு கேட்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் உங்களிடம் வேறு இருக்காது.

இந்தச் சோதனையை உங்கள் மூக்கை நம்பிச் செய்யாதீர்கள். ஒரு வாடைக்குள் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். அதே வீட்டில் வாழ்பவருக்குப் பல நாள் ஒன்றுமே தெரியாது. புகைக்காத நண்பர் ஒருவரை அழைத்து, மதியம் வரை பூட்டி வைத்த அறைக்குள் நேராக நுழையச் சொல்லுங்கள். முதல் மூச்சில் அவர் சொல்வதுதான் கணக்கு.

இனி கழுவும் வேலை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிகோடின் காரத்தன்மை உள்ளது. காரமான சூழலில் அது தனி நிகோடினாக நின்று ஆவியாகும். அமிலம் பட்டால் உப்பாக மாறி, தண்ணீரில் கரையும், ஆவியாகாது. நம் ஊரில் இதை நாக்கால் அறிந்தவர்கள் உண்டு. புகையிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு சேர்ப்பது, சுண்ணாம்பின் காரம் நிகோடினை விடுவித்து வேகமாக ஏறச் செய்வதால்தான். அதே காரணத்துக்காக, புகை ஊறிய சுவருக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. "சுண்ணாம்பு எல்லா நாற்றத்தையும் எடுத்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வது மாட்டுக்கொட்டகைக்கும் ஈர மூலைக்கும் பொருந்தலாம். சிகரெட் வீட்டில் அது நிகோடினைக் கிளப்பிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் சுவருக்குப் பயன்படுத்த வேண்டாம், இதே காரணம்தான்.

ஆனால் தார் என்பது எண்ணெய் மாதிரி. அதை எடுக்கச் சோப்பு வேண்டும். எனவே இரண்டு சுற்று. முதல் சுற்றில் வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜெண்ட் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரண்டாவது சுற்றில் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் போதும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைத்த தண்ணீரும் இந்த வேலையைச் செய்யும். கழுவு நீர் பழுப்பானதும் மாற்றிவிடுங்கள். அந்த அழுக்கு நீரையே திரும்பத் திரும்பப் பூசினால் ஓரிடத்துத் தாரை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரைச் சுவரின் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டு போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் காய்ந்த சுவரில் வழிந்த கோடுகள் கறையாக நின்றுவிடும். அலசுவது மேலிருந்து கீழ். கையில் ரப்பர் உறை கட்டாயம், நிகோடின் தோல் வழியாக உடலுக்குள் போகும். துடைத்த துணிகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. வினிகரையோ எலுமிச்சை உப்பையோ மொசைக், மார்பிள், கடப்பா கல், பழைய சிவப்புச் சிமெண்ட் தரை இவற்றில் ஊற்றாதீர்கள். சுண்ணச் சத்துள்ள கற்களையும் சிமெண்டையும் அமிலம் அரித்து மெருகைக் கெடுத்துவிடும். அங்கே சோப்புத் தண்ணீர் மட்டும், பலமுறை. இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ பயன்படுத்தும் இடத்தில் வினிகரையோ டாய்லெட் ஆசிடையோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமுக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும்.

டிஸ்டெம்பர் அடித்த சுவரைக் கழுவ முடியாது, சுண்ணத்தூள் குழம்பாகக் கையோடு வரும். அதை ஸ்கிராப்பர் வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு வகையில் அது நல்லதுதான். ஊறியிருந்த அடுக்கே வீட்டை விட்டுப் போகிறது. உங்கள் வீட்டுக்காரர் அடித்த புது எமல்ஷன், கீழே டிஸ்டெம்பர் இருந்தால் ஏற்கெனவே சில இடங்களில் உரியத் தொடங்கியிருக்கும். உரியும் இடங்களைச் சுரண்டி, மற்ற இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவிடுங்கள்.

கதவு, சன்னல், கிரில்லில் உள்ள பழைய எனாமல் பெயிண்டைத் தேய்க்கும்போது கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துடைத்தெடுங்கள். குழந்தை வரப்போகும் வீட்டில் சிகரெட் வாடையைப் போக்கப் போய் ஈயத் தூசியைப் பரப்பிவிடக் கூடாது.

அடுத்து பிரைமர். வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்ட இடமும் இதுதான். தண்ணீரில் கலக்கும் எமல்ஷனை நேராகத் தாரின் மேல் அடித்தால், அந்தத் தண்ணீர் தாரைக் கரைத்து மேலே இழுக்கும். பெயிண்ட் காய்ந்த இரண்டாம் வாரம் மஞ்சள் திட்டு தெரியும், வாடையும் கூடவே வரும். இன்னும் இரண்டு கோட் அடித்தாலும் அதே கதிதான். நடுவே தாரும் வாடையும் ஊடுருவ முடியாத ஓர் அடுக்கு வேண்டும். அதற்குச் சிறந்தது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து வெள்ளை நிறமி சேர்த்துச் செய்யும் ஷெல்லாக் பிரைமர். நம் கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், விலையும் கூடுதல். எளிதில் கிடைப்பது ஆயில் பிரைமர், அதாவது டர்பண்டைன் ஊற்றிக் கலக்கும் கரைப்பான் வகைச் சுவர் பிரைமர். நன்றாகக் கழுவிக் காய்ந்த சுவரில் அதை ஒரு கோட், கறை கடுமையாக இருக்கும் சீலிங்கிலும் பாத்ரூமிலும் இரண்டு கோட் அடித்தால் பெரும்பாலான வீடுகளில் போதும். பெயிண்டரிடம் "வாட்டர் பிரைமர் வேண்டாம், ஆயில் பிரைமர்" என்று முன்கூட்டியே பேசி, டப்பாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோட் முழுதாகக் காயும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். பட்டி பார்ப்பதாக இருந்தால் இந்தப் பிரைமருக்கு மேல்தான் பார்க்க வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதை நேராகத் தாரின் மேல் இழுத்தால் அதுவும் பழுக்கும். பிறகு உங்களுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டு கோட் எமல்ஷன். கரைப்பான் பிரைமர் அடிக்கும்போது எல்லாச் சன்னலும் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

கழுவாமல் பிரைமரை மட்டும் அடித்தால் என்ன என்று பெயிண்டர் கேட்பார். அழுக்கின் மேல் எந்தப் பிரைமரும் பிடிக்காது. ஒரு வருடத்தில் உரிந்தால் மறுபடி அதே வாடைதான். கூலி ஒன்றிரண்டு நாள் கூடினாலும் கழுவுவதை விடாதீர்கள்.

ஏசி இருந்தால் அதை மறந்துவிட வேண்டாம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றி இழுத்துக் குளிர்விக்கிறது. முன்பிருந்தவர் சன்னலை மூடி, ஏசியைப் போட்டுக்கொண்டு புகைத்த ஒவ்வோர் இரவும் அந்தப் புகை காயில் வழியாகப் பலமுறை போய்வந்திருக்கும். காயிலின் தகடுகளிலும், பின்னால் உருளும் புளோயரிலும், தண்ணீர் சேரும் தட்டிலும் தார் படிந்திருக்கும். ஃபில்டரை எடுத்துக் கழுவும் சாதாரண சர்வீஸ் இதற்குப் போதாது. புளோயரைக் கழற்றி, காயிலுக்குரிய திரவம் அடித்து, பிரஷர் பம்பில் ஜெட் வாஷ் செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்து முடித்த பிறகும் ஏசி போட்டால் மட்டும் வாடை வருகிறது என்பவர்களின் வீட்டில் குற்றவாளி பெரும்பாலும் இந்த புளோயர்தான்.

துணிமணிகள் உங்களுடையவை என்பதால் பெரிதாக ஊறியிருக்காது. வீட்டுக்காரர் விட்டுச் சென்ற திரைச்சீலை, சோபா, மெத்தை இருந்தால் அவற்றைப் பற்றிக் கறாராக இருங்கள். ஃபோம் மெத்தை, ஃபோம் சோபா இவற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தத் துளைகளின் ஆழம் வரை தண்ணீரும் போகாது, வெயிலும் போகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையானால் நிலைமை வேறு. மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டுப் பிரித்து, பஞ்சைப் பல நாள் வெயிலில் உலர்த்தி அடித்து, புது உறையில் அடைத்தால் வாடை பெருமளவு போய்விடும். உறையை மட்டும் தூக்கி எறியுங்கள். பருத்தித் துணிகளை வெந்நீரில் ஊறவைத்து, அலசும் கடைசித் தண்ணீரில் அரை கப் வினிகர் விட்டு, வெயிலில் காயப்போடுங்கள். பட்டுப் புடவைக்கு வினிகரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நிழலில் காற்றாடத் தொங்கவிட்டாலே நாளடைவில் இறங்கும். இரும்பு பீரோ எளிது, கழுவினால் போதும். பிளைவுட் அலமாரியின் உட்பக்கம்தான் தொல்லை. பாலீஷ் படாத அந்தப் பச்சை மரம் வாடையைக் குடித்து வைத்திருக்கும். துடைத்துக் காயவிட்டு, உள்ளே ஷெல்லாக்கோ எனாமலோ ஒரு கோட் கொடுங்கள்.

நறுமணம் சேர்க்கும் வழிகளுக்கு வருகிறேன். சாம்பிராணி நம் வீடுகளில் பூசையோடு சேர்ந்தது, அதன் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் அதுவும் ஊதுபத்தியும் எரிந்தால் வருவது அதே அளவிலான நுண்துகள் புகைதான். ஏற்கெனவே படிந்த பரப்பின் மேல் இன்னோர் அடுக்கு போய்ப் படியும். வழிபாட்டுக்கு வெள்ளிக்கிழமை காட்டுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். வாடையைப் போக்கும் மருந்தாக மூடிய அறையில் தினமும் போட வேண்டாம், கர்ப்பிணியும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் அறையில் நிச்சயமாக வேண்டாம். ரூம் ஸ்பிரேயும் அந்துருண்டையும் மூக்கை வேறு பக்கம் திருப்புவதோடு சரி. கிண்ணத்தில் வினிகர், நறுக்கிய வெங்காயம், காப்பித்தூள், ஆப்பசோடா வைப்பதெல்லாம் முழு அறைக்குப் போதவே போதாது. ஆனால் மூடிய சின்ன இடத்தில் ஆப்பசோடாவுக்குக் கொஞ்சம் பலன் உண்டு: புகை வாடை பிடித்த புத்தகங்களை மூடியுள்ள டப்பாவில் திறந்த ஆப்பசோடாக் கிண்ணத்தோடு சில வாரம் வைத்துப் பாருங்கள்.

அதைவிட நல்லது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன். நம் தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஒரு கிராம் கரியின் உள்துளைகளை விரித்தால் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு வரும் என்பதால் ஆவிகளைப் பிடித்துக்கொள்ளும் சக்தி அதற்கு அதிகம். மீன் தொட்டிக் கடைகளில் மணிமணியாக விற்பார்கள். வலைத் துணிப் பையில் கட்டி அலமாரி, பரண், செருப்பு ஸ்டாண்டில் வையுங்கள். அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல.

ஏர் பியூரிஃபயர் கடைசியில் வருவது. ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். யாராவது இப்போது புகைத்தால் அந்தத் துகள்களுக்கு அது உதவும். உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஆவி. ஹெப்பா வழியாக ஆவி தாராளமாகப் போய்விடும். அதற்குக் கார்பன் வேண்டும், அதுவும் எடையாக வேண்டும். மலிவான மிஷின்களில் கார்பன் ஃபில்டர் என்று இருப்பது கரித்தூள் தடவிய மெல்லிய கறுப்புப் பஞ்சுத் தகடு. சில வாரத்தில் நிறைந்துவிடும், நிறைந்த பிறகு அதுவே வாடை விடும். வாங்குவதென்றால் கார்பன் எத்தனை கிராம் என்று கேளுங்கள். புகைக்கான சிஏடிஆர் எண்ணையும் பாருங்கள், மிஷின் எவ்வளவு வேகமாகச் சுத்தமான காற்றைத் தருகிறது என்பதன் அளவு அது. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது நிமிடத்துக்குக் கன அடியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வீட்டுச் சாதனத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை 144 சதுர அடி, அதற்கு 96. நம் கடைகளில் மணிக்குக் கன மீட்டரில் எழுதியிருப்பார்கள், அப்படியானால் சுமார் 163. சுவர் வேலை முடிவதற்கு முன் வாங்காதீர்கள். முடிந்த பிறகு அநேகமாக உங்களுக்குத் தேவைப்படாது.

ஓசோன் மிஷின்காரர்களைக் கூப்பிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. மனிதருக்குத் தீங்கில்லாத அளவில் வைத்தால் அது வாடையைப் போக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது. ஆளில்லாமல் அதிக அளவில் விட்டால், நிகோடினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு போன்றவற்றையும் மிக நுண்ணிய துகள்களையும் புதிதாக உண்டாக்குகிறது. பரப்பின் மேல்தோலில் இருப்பதை மாற்றும், உள்ளே ஊறியதைத் தொடாது. ரப்பர் வாஷர், வயர் உறை இவற்றிலும் விரிசல் விழச் செய்யும். ஒரு வாரம் வாடை குறைந்ததுபோல் இருந்து பிறகு திரும்பும். வீட்டு ஏர் பியூரிஃபயர்கள் வெளிவிடும் ஓசோனுக்குக் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல் வரம்பு வைத்திருக்கிறது. அயனைசர் என்று எழுதியிருக்கும் பியூரிஃபயர்களும் ஓசோனை வெளிவிடலாம் என்பதால் அந்தப் பொத்தானை அணைத்தே வையுங்கள்.

வேலை முடிந்ததும் காற்றோட்டம். இப்போதுதான் சன்னலுக்கு உண்மையான பயன். சென்னையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அந்தப் பக்கச் சன்னலையும் எதிர்ப்பக்கச் சன்னலையும் திறந்து வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு ஃபேனை வெளிநோக்கி வைத்தால் அறை முழுதும் துடைத்தெடுத்ததுபோல் ஆகும். பாத்ரூம் ஷாஃப்ட் வழியாகக் கீழ்வீட்டுப் புகை வருகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது சன்னல்கள் மூடியிருந்தால், அது ஷாஃப்டிலிருந்து காற்றை இழுக்கும். சன்னலைத் திறந்துவிட்டு எக்ஸாஸ்ட் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதைப் படிக்கும் பலருக்கு முந்தைய குடித்தனக்காரர் பிரச்சினை இருக்காது. அப்பாவோ அண்ணனோ கணவரோ இன்றும் வீட்டுக்குள் புகைக்கிறவராக இருப்பார். 2016-17இல் இந்தியாவில் எடுத்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டில் பிறர் விடும் புகைக்கு ஆளாகிறவர்கள் 38.7 விழுக்காடு. அந்த வீடுகளில் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். ஒரு பக்கம் கழுவக் கழுவ மறுபக்கம் படியும். தனி அறை, எக்ஸாஸ்ட் ஃபேன், பியூரிஃபயர் எதுவும் புகையை முழுதாகத் தடுக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. பால்கனியில் நின்று புகைத்தாலும் கதவிடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போக வேண்டும், அதற்கென்று ஒரு சட்டை வைத்துக்கொள்ள வேண்டும். சண்டை போட்டு இதை நடத்த முடியாது. வெள்ளைத் துணியால் ஃபேன் இறக்கையைத் துடைத்துக் காட்டினால், பேசாமல் எழுந்து மாடிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். விட நினைக்கிறவருக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி எண் 1800-11-2356 இருக்கிறது.

உங்களுக்கு இன்னொன்று. குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறவர்களில் புகைக்கும் மாமா, சித்தப்பா யாராவது இருப்பார். வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக உள்ளே வந்தால், அடுத்த சில நிமிடம் அவர் மூச்சிலிருந்தே புகை வெளிவரும். சட்டையிலும் விரலிலும் மீசையிலும் ஒட்டியிருப்பது தனி. "மாமா, கை முகம் கழுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க" என்று நீங்களே முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். தோளில் போட ஒரு துவைத்த துண்டையும் கையில் கொடுங்கள். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் கை கால் கழுவி உள்ளே வருவது நம்மிடம் உள்ள வழக்கம்தான், யாரும் மனம் கோணமாட்டார்கள். பிரசவம் முடிந்து களைத்திருக்கும் மனைவி இதைச் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.